சிங்கப்பூரா, துபாயா, எஸ்டோனியாவா: கம்பெனியை எங்கே பதிவு செய்வது?

மாதத்துக்கு இரண்டு பேராவது இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். "அண்ணா, துபாய்ல வரியே இல்லையாமே, அங்க ஒரு கம்பெனி போட்டுடலாமா?" பெரும்பாலும் கோவை, சென்னைப் பக்கம் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து சாஃப்ட்வேரோ டிசைனோ செய்து வெளிநாட்டு க்ளையன்ட்டுக்கு விற்கிற பிள்ளைகள். நான் திருப்பிக் கேட்பது இரண்டுதான்: உனக்குப் பணம் எந்த ஊரிலிருந்து வருகிறது, நீ எந்த ஊரில் குடியிருக்கப் போகிறாய்? வரி விகிதத்தைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுத்தவர்கள் பிறகு பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வட ஐரோப்பாவில் உள்ள சின்ன நாடான எஸ்டோனியாவை முதலில் முடித்துவிடலாம். 2014 டிசம்பரில் இ-ரெசிடென்சி, அதாவது வெளிநாட்டுக்காரருக்கு டிஜிட்டல் அடையாள அட்டை கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். வீட்டில் உட்கார்ந்தபடி விண்ணப்பித்து, டெல்லியில் உள்ள தூதரகத்துக்கு ஒரு தடவை நேரில் போய்க் கைரேகை கொடுத்து அட்டையை வாங்கிக்கொண்டால் போதும், அதற்குப் பிறகு கம்பெனிப் பதிவு, கையெழுத்து, வரித் தாக்கல் எல்லாமே இணையத்தில்தான். முன்பு 2,500 யூரோ மூலதனம் காட்ட வேண்டியிருந்தது, 2023 பிப்ரவரியிலிருந்து ஒரு சென்ட் இருந்தாலும் பதிவு செய்யலாம். லாபத்தைக் கம்பெனிக்குள்ளேயே வைத்திருக்கும் வரை வரி இல்லை, டிவிடெண்டாக வெளியே எடுக்கும்போதுதான் வரி. 2025 முதல் கணக்கு இப்படி: 78 யூரோ கைக்கு வர 22 யூரோ வரி கட்ட வேண்டும். சம்பாதிப்பதை எல்லாம் திரும்பத் தொழிலிலேயே போடுகிறவருக்கு இது நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் அந்த அட்டை விசா இல்லை. அதைக் காட்டி எஸ்டோனியாவுக்குள் நுழையவும் முடியாது, அங்கே தங்கவும் முடியாது. அங்குள்ள பாரம்பரிய வங்கிகள், அந்த ஊரோடு தொடர்பில்லாத கம்பெனிக்குக் கணக்குத் திறக்க மிகவும் தயங்கும். நானும் அந்த அட்டையை எடுத்துக் கம்பெனி பதிவு செய்தவன்தான். கடைசியில் ஒரு ஃபின்டெக் கணக்கை (இணையத்திலேயே இயங்கும் பணச் சேவை நிறுவனத்தின் கணக்கு) வைத்துத்தான் ஓட்டினேன். க்ளையன்ட்டுகள் ஐரோப்பாவில் இருந்து, யூரோவில் பில் போடுகிறவர் என்றால் எஸ்டோனியாவைத் தாராளமாக யோசிக்கலாம். மற்றவர்களுக்கு அவ்வளவாக வேலை இல்லை.

உண்மையான போட்டி சிங்கப்பூருக்கும் துபாய்க்கும்தான்.

சிங்கப்பூரில் பதிவுக் கட்டணம் சொற்பம். கம்பெனிப் பெயரைப் பதிய 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பதிவுக்கு 300 வெள்ளி, மூலதனம் 1 வெள்ளி இருந்தால் போதும். ஆவணம் சரியாக இருந்தால் பல சமயம் ஒரே நாளில் முடிந்துவிடும். செலவு பிறகுதான் வருகிறது. அந்த ஊரில் வசிக்கிற ஒரு டைரக்டராவது இருந்தே ஆக வேண்டும். ஆறு மாதத்துக்குள் கம்பெனி செகரட்டரியை நியமிக்க வேண்டும். வெளிநாட்டுக்காரர் நேரடியாகப் பதிவு செய்யவும் முடியாது, அங்கே பதிவுபெற்ற ஏஜென்சி வழியாகத்தான் போக வேண்டும். அங்கே யாரும் இல்லாதவர்கள் ஏஜென்சியிடமிருந்தே நாமினி டைரக்டரை, அதாவது பெயரளவுக்கு டைரக்டராக இருப்பவரை, வாங்கிக்கொள்கிறார்கள், அதற்கு மட்டும் ஆண்டுக்கு ஆயிரம், இரண்டாயிரம் வெள்ளி போகும். 2025 ஜூனில் வந்த புதிய சட்டத்தால் நாமினி விஷயத்தில் கெடுபிடி கூடியிருக்கிறது, யார் நாமினி என்பதை அரசுப் பதிவேட்டில் தெரிவித்தாக வேண்டும்.

விளம்பரங்களில் வராத ஒரு விஷயம் இருக்கிறது. சிங்கப்பூரில் கார்ப்பரேட் வரி 17 சதவீதம். புதுக் கம்பெனிக்கு முதல் மூன்று ஆண்டு சலுகை உண்டு: முதல் 1 லட்சம் வெள்ளி லாபத்தில் 75 சதவீதத்துக்கும், அடுத்த 1 லட்சத்தில் பாதிக்கும் வரி இல்லை. அதாவது 2 லட்சம் வெள்ளி லாபத்துக்கு 12,750 வெள்ளிதான் வரி. கேட்க இனிமையாக இருக்கிறது, ஆனால் இது சிங்கப்பூரின் வரிக்குடியாக இருக்கிற, அதாவது அங்கிருந்தே நிர்வகிக்கப்படுகிற கம்பெனிக்கு மட்டும். முடிவெடுக்கிறவர் கோவையில் உட்கார்ந்திருக்க, அங்கே நாமினி டைரக்டர் கையெழுத்து மட்டும் போட்டுக்கொண்டிருந்தால், கம்பெனியின் கட்டுப்பாடு சிங்கப்பூரில் இருப்பதாக அவர்கள் ஏற்றுக்கொள்வது கடினம். அப்போது எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான சலுகைதான் மிஞ்சும், அதே 2 லட்சத்துக்கு 16,575 வெள்ளி கட்ட வேண்டும். வித்தியாசம் பெரிதில்லை என்று தோன்றலாம். ஆனால் வரிக்குடிச் சான்றிதழ் கிடைக்காவிட்டால் இந்தியாவோடு உள்ள இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின் பலனும் கிடைக்காது, அடி அங்கேதான் பலமாக விழும்.

அப்படியானால் அங்கேயே போய் உட்காரலாமே என்றால், அங்கே வேலை செய்வதற்கான அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளமே 2025 ஜனவரி முதல் மாதம் 5,600 வெள்ளி, வயது கூடக் கூட அதுவும் கூடும், அதற்கு மேல் தகுதிக்குப் புள்ளி போடும் கணக்கு வேறு. வருமானம் இன்னும் நிலைப்படாத கம்பெனி, முதலாளிக்கு அந்தச் சம்பளத்தைக் கொடுத்துக்கொண்டிருப்பது எளிதல்ல. இவ்வளவு இருந்தும் பலர் சிங்கப்பூருக்கே போவது ஏனென்றால், பங்கு முதலீட்டாளர்கள் அந்த ஊர்ச் சட்டத்தை நம்புகிறார்கள், மூலதன ஆதாய வரி இல்லை, டிவிடெண்டுக்குப் பங்குதாரரிடம் அங்கே மறுபடி வரி பிடிப்பதில்லை. வெளியிலிருந்து முதலீடு திரட்டும் எண்ணம் இருந்தால் என் ஓட்டு சிங்கப்பூருக்குத்தான்.

துபாய்க்கு வருவோம். "வரியே இல்லை" என்பது பழைய கதை. 2023 ஜூன் 1 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கும் நிதியாண்டுகளிலிருந்து அமீரகத்தில் கார்ப்பரேட் வரி உண்டு, 3,75,000 திர்ஹாம் லாபம் வரை பூஜ்யம், அதற்கு மேல் 9 சதவீதம். ஆறு லட்சம் திர்ஹாம் லாபம் என்றால் 20,250 திர்ஹாம் வரி, இதுவே உலக அளவில் மிகவும் குறைவுதான். ஃப்ரீ சோன் (தனி விதிகளோடு இயங்கும் வர்த்தக மண்டலம்) கம்பெனிக்குப் பூஜ்ய வரி என்று ஏஜென்ட் சொல்வார். அது அரசு வரையறுத்த சில தொழில்களுக்கும், வேறு சில நிபந்தனைகளுக்கும் உட்பட்டது. சாதாரண சாஃப்ட்வேர் சர்வீஸ், டிசைன், கன்சல்டிங் அந்தப் பட்டியலில் இல்லை. வரி வராவிட்டாலும் பதிவும் தாக்கலும் கட்டாயம், பதிவைத் தாமதித்தால் 10,000 திர்ஹாம் அபராதம்.

2021 ஜூன் முதல் மெயின்லேண்டிலும் (ஃப்ரீ சோனுக்கு வெளியே உள்ள பகுதி) பெரும்பாலான தொழில்களுக்கு உள்ளூர்ப் பங்காளி தேவையில்லை, நூறு சதவீதமும் நம் பெயரிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் சின்ன ஆட்கள் ஃப்ரீ சோனுக்குத்தான் போகிறார்கள், லைசென்ஸ், விசா எல்லாம் ஒரே பேக்கேஜாகக் கிடைப்பதால். என் நண்பர் ஒருவர் அப்படித்தான் மலிவு விலை விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டினார். விசாவுக்குத் தனி, மெடிக்கலுக்குத் தனி, எமிரேட்ஸ் ஐடிக்குத் தனி என்று ஏறி, விளம்பரத்தில் சொன்னதைப் போல இரண்டு மடங்காயிற்று. லைசென்ஸ் பத்து நாளில் வந்துவிட்டது, வங்கிக் கணக்கு திறக்க ஐந்து மாதம். அந்த ஐந்து மாதமும் க்ளையன்ட் பணம் கொடுக்கத் தயாராக இருந்தும் வாங்க வழியில்லாமல் தவித்தார். வங்கிக்குத் தேவை லைசென்ஸ் காகிதம் அல்ல, உங்களுக்கு யார் பணம் தருகிறார்கள், ஏன் தருகிறார்கள் என்பதற்கான ஒப்பந்தமும் பழைய இன்வாய்ஸும் ஆறு மாத ஸ்டேட்மென்ட்டும்தான். அதை முதலில் திரட்டிவிட்டு லைசென்ஸுக்குப் பணம் கட்டுங்கள்.

துபாய் நிஜமாகவே பொருந்துவது அங்கே குடிபோகிறவருக்கு. தனிநபர் வருமான வரி கிடையாது, கம்பெனி வைத்தே ரெசிடென்ஸ் விசா எடுக்கலாம், சென்னையிலிருந்து நாலு மணி நேரப் பயணம். பொருள் வாங்கி விற்கிறவருக்கும் பொருந்தும். திருப்பூரிலிருந்து பனியன் ஏற்றுமதி செய்கிற ஒருவர் துபாயின் ஜெபல் அலி துறைமுகத்தில் சரக்கை இறக்கி வைத்து ஆப்பிரிக்காவுக்கு அனுப்புகிறார் என்றால், அவருக்குச் சிங்கப்பூரைச் சொல்வது அநியாயம்.

சரி, கோவையிலேயே இருந்துகொண்டு வெளிநாட்டில் கம்பெனி வைக்கலாமா? வைக்கலாம், ஆனால் அப்போது இந்தியச் சட்டம்தான் முதலில் நிற்கிறது, ஏஜென்ட்டுகள் வாயே திறக்காத பகுதி இது. 2022 ஆகஸ்டில் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி, இங்கே குடியிருக்கும் தனிநபர் ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரம்புக்குள், தன் வங்கி வழியாகப் படிவம் கொடுத்து அனுப்ப வேண்டும். ஆண்டுதோறும் டிசம்பர் 31-க்குள் அந்தக் கம்பெனியின் அறிக்கை கொடுக்க வேண்டும். வருமான வரித் தாக்கலில் வெளிநாட்டுச் சொத்தாகக் காட்ட வேண்டும். ஆண்டில் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பினால், அதற்கு மேற்பட்ட தொகைக்கு வங்கி 20 சதவீதம் பிடித்துக்கொள்ளும், பிறகு வரியில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கிக் கிடக்கும்.

இன்னொரு கண்ணிவெடி உண்டு. சிங்கப்பூரில் கம்பெனி போட்டு, அந்தக் கம்பெனி கோவையில் ஒரு துணை நிறுவனம் வைத்து ஆட்களை வேலைக்கு எடுக்கும் என்று பல பேர் படம் வரைந்து காட்டுவார்கள். தனிநபராக நீங்கள் கட்டுப்படுத்தும் வெளிநாட்டுக் கம்பெனிக்குத் துணை நிறுவனம் இருக்கக் கூடாது என்கிறது விதி. அதை மீறாமல் செய்ய, இந்திய பிரைவேட் லிமிடெட் தாயாக இருந்து வெளிநாட்டுக் கம்பெனியைப் பிள்ளையாக வைக்கலாம், அதற்கு விதிகளில் இடம் உண்டு. பணம் அனுப்புவதற்கு முன்பே ஆடிட்டரிடம் இதைப் பேசிவிடுங்கள், அனுப்பிய பிறகு திருத்துவதென்றால் ரிசர்வ் வங்கி வரை போய் அபராதம் கட்டி வர வேண்டியிருக்கும்.

அப்புறம் மூடுவது. சிங்கப்பூரில் கடன், வரிப் பாக்கி இல்லாத கம்பெனியைப் பதிவேட்டிலிருந்து நீக்க விண்ணப்பித்தால் அதற்கு அரசுக் கட்டணமே கிடையாது, சில மாதத்தில் முடிந்துவிடும். துபாயில் முதலில் விசாக்களை ரத்து செய்து, வங்கிக் கணக்கை முடித்து, ஃப்ரீ சோனுக்குக் கட்டணம் கட்டி, வரிப் பதிவையும் நீக்க வேண்டும். லைசென்ஸைப் புதுப்பிக்காமல் விட்டால் தானாகச் செத்துவிடும் என்று நினைத்தவர்களுக்கு அபராதம் ஏறிக்கொண்டே போனது. என் எஸ்டோனியக் கம்பெனியைத் திறக்க ஒரு மாலை போதுமானதாக இருந்தது. மூட எட்டு மாதம் ஆயிற்று.