நான்கு ஆண்டுகள் கறவை மாடுகளுக்குச் சோயா கொடுத்த அனுபவம்

எட்டுக் கறவை மாடுகளுக்கு நான்கு ஆண்டுகளாகச் சோயா கொடுத்து வருகிறேன். வாரந்தோறும் பாலின் அளவையும் கொழுப்பையும் நோட்டில் குறித்து வைத்திருப்பதால் துணிந்து சொல்கிறேன்: சோயா கொடுத்தால் கொழுப்பு இறங்கும் என்பது பாதி உண்மைதான். விதையில் உள்ள எண்ணெய் மாட்டின் வயிற்றில் மெல்லக் கசிகிறதா, ஒரேயடியாகக் கொட்டுகிறதா என்பதே கேள்வி.

சோயாப் புண்ணாக்கால் எனக்குத் தொல்லையே இல்லை. எண்ணெய் எடுத்தது, புரதம் 44 முதல் 48 சதவீதம். கன்று ஈன்ற புதிதில் பால் கூடியது, கொழுப்பு அசையவில்லை. அளவை மீறியபோது பாலில் யூரியா ஏறியது, அவ்வளவுதான்.

அடி வாங்கியது முழு விதையில். அதில் ஏறத்தாழ 18 முதல் 20 சதவீதம் எண்ணெய், அதில் பாதிக்கு மேல் லினோலிக் அமிலம் என்ற, எளிதில் உறையாத நிறைவுறாக் கொழுப்பு. நன்றாகச் செரிக்கட்டும் என்று மாவாக அரைத்து, மாட்டுக்கு இரண்டு கிலோ வீதம் வைத்தேன். பத்தே நாளில் 4.1 சதவீதம் இருந்த பாலின் கொழுப்பு 3.3 ஆனது. பால் குறையவில்லை, மாடுகளும் ஆசையாகத் தின்றன. அதனால் பரிசோதனைக் கருவியைத்தான் முதலில் சந்தேகித்தேன். உண்மையில் அந்த எண்ணெயை வயிற்று நுண்ணுயிரிகள் மாற்றும்போது உண்டாகும் ஒருவகைக் கொழுப்பு அமிலம் மடிக்குப் போய், அங்கே கொழுப்பு உருவாவதையே தடுக்கிறது. அப்போது தானியம் அதிகமாகவும் நார்த்தீவனம் குறைவாகவும் கொடுத்தது நிலைமையை இன்னும் கெடுத்தது.

விதையை வறுத்து, மூன்று நான்கு துண்டாக மட்டும் உடைத்து, ஒரு கிலோவாகக் குறைத்தேன்; நார்த்தீவனத்தைக் கூட்டினேன். மூன்று வாரத்தில் கொழுப்பு நான்கைத் தொட்டது. உடைப்பு சரியா என்பதைச் சாணம் சொல்லும். ஒரு கைப்பிடியைச் சல்லடையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால், செரிக்காத விதை மஞ்சளாக உருண்டு நிற்கும். அப்படி நிறைய நின்றால் உடைப்பு போதவில்லை.

வறுப்பதை விட்டுவிடாதீர்கள். பச்சை விதையில், யூரியாவை அம்மோனியாவாக உடைக்கும் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. யூரியா சேர்த்த தீவனத்தில் ஒருமுறை பச்சைச் சோயா மாவைக் கலந்து வைத்துவிட்டேன். மறுநாள் மூடியைத் திறந்ததும் அம்மோனியா நெடி கண்ணைக் கரித்தது. மொத்தத்தையும் கொட்ட வேண்டியதாயிற்று. வறுத்தால் அந்த நொதி செயலிழக்கும். புரதமும் முதல் வயிற்றில் அவ்வளவாகச் சிதையாமல் சிறுகுடலுக்குப் போகும். கருக விட்டால் அதே புரதம் வீண். பொன்னிறம் தாண்டக் கூடாது.

வெண்ணெயிலும் மாற்றம் தெரிந்தது. குளிர்ந்த பிறகும் விரலால் அழுத்தினால் குழைந்தது. நிறைவுறாக் கொழுப்பு கூடியதற்கு அடையாளம் அது. எனக்கு அது பிடித்திருந்தது.

சோயாத் தோல் நல்ல நார். தானியத்தில் ஒரு பங்கைக் குறைத்து அதைச் சேர்த்ததில் கொழுப்பு நிலையாக நிற்கிறது.

அரைவை இயந்திரத்தின் சல்லடையை மாற்றினால், இரண்டு நாள் கழித்து சாணத்தைக் கழுவிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த மூட்டையை உடைக்கிறேன்.