பௌர்ணமிப் படகுப் பயணத்துக்கு முன்பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கழிமுகத்தில் தனிப்படகு எடுத்துக் குடும்பத்தோடு போய்வர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன பௌர்ணமியன்று நாங்கள் ஏழு பேர் சேற்றுத் திட்டில் தட்டி நின்ற படகில், இருட்டில், ஏறக்குறைய இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எழுபதைத் தாண்டிய என் அம்மாவும் அக்காவின் இரண்டு சின்னப் பிள்ளைகளும் எங்களோடு இருந்தார்கள். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நடந்ததை விபத்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு அப்படித்தான் நடக்கும் என்று படகை விட்டவர்களுக்கு முன்பே தெரியும்.

விளம்பரத்தில் இருந்தது இதுதான்: பௌர்ணமி சிறப்புப் பயணம், உங்கள் குடும்பத்துக்கு மட்டும் தனிப்படகு, மதியம் மூன்றரைக்குக் கிளம்பி முகத்துவாரத்து மணல்திட்டில் பறவைகள் பார்த்து, சூரியன் மறைவதையும் நிலா எழுவதையும் ஒன்றாகப் பார்த்துவிட்டு ஆறரைக்குத் திரும்பலாம். கூரை போட்ட அகலமான படகின் படம். பாதிப் பணம் முன்பணம். ஒரு வரிச் செய்தியில் 'கன்ஃபார்ம்' என்று வந்தது. ரசீது கிடையாது, படகின் எண்ணும் கிடையாது.

மூன்று மணிக்கே துறைக்குப் போய்விட்டோம். படகு வந்தபோது மணி ஐந்து. படத்தில் பார்த்த படகு இல்லை, அதில் பாதி அகலம்தான் இருக்கும். பின்னாலேயே வேறு நான்கு பேர் வந்து ஏறினார்கள். "இது எங்களுக்கு மட்டும் என்றுதானே பேசினோம்?" என்று கேட்டேன். "இவங்களும் அதே திட்டுக்குத்தான் சார், இடம் இருக்குல்ல" என்றார் படகோட்டி. இத்தனை பேர்தான் ஏறலாம் என்று படகின் பக்கவாட்டில் எண் எழுதியிருக்க வேண்டும். அந்த இடத்தில் புதுப் பெயின்ட் அடித்திருந்தது. அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். பிள்ளைகள் இரண்டு மணி நேரம் காத்திருந்த களைப்பு, கட்டிய பணம், அம்மா ஏற்கெனவே ஏறி உட்கார்ந்துவிட்டது, எல்லாம் சேர்ந்து என் வாயை அடைத்துவிட்டன.

லைஃப் ஜாக்கெட் ஒரு சாக்கில் கட்டி இன்ஜினுக்குப் பக்கத்தில் கிடந்தது. கேட்ட பிறகுதான் அவிழ்த்தார்கள். பதின்மூன்று பேருக்கு ஒன்பது. பிள்ளைகள் அளவில் ஒன்றுகூட இல்லை. இதை எல்லாப் பெற்றோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்: பிள்ளைக்கு ஜாக்கெட்டை மாட்டி, பட்டைகளை இறுக்கி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அது காது வரை ஏறிவிட்டால் தண்ணீரில் பிள்ளை கீழே நழுவும், ஜாக்கெட் மட்டும் மிதக்கும். எங்கள் அக்கா மகளுக்கு அது தலைக்கு மேலேயே வந்துவிட்டது.

சரி, நீர் விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பதிவை எழுதுவதே அதற்காகத்தான்.

பெரும்பாலான கடற்கரைகளில் ஒரு நாளில் இரண்டு முறை கடல்நீர் உயரும், அது ஏற்றம்; இரண்டு முறை இறங்கும், அது வற்றம். உச்ச ஏற்றத்திலிருந்து முழு வற்றத்துக்கு ஏறத்தாழ 6 மணி 12 நிமிடம். ஆனால் நீர் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை. முதல் மணியில் மொத்தத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாவது மணியில் இரண்டு பங்கு, மூன்றிலும் நான்கிலும் மும்மூன்று பங்கு, அப்புறம் இரண்டு, கடைசியில் ஒன்று. படகோட்டத் தெரிந்தவர்கள் கைக்கணக்காக வைத்திருப்பது இது. அதாவது நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்தில் பாதித் தண்ணீர் போய்விடும். அன்று உச்ச ஏற்றம் மதியம் ஒன்றரைக்கு, வற்றம் இரவு ஏழு நாற்பதுக்கு. நாங்கள் துறையில் வெறுமனே காத்திருந்தது பெரும்பாலும் அந்த நடு நேரம்தான். ஐந்து மணிக்குப் புறப்படும்போதே பாதிக்கு மேல் வடிந்துவிட்டிருந்தது.

நேரத்துக்குக் கிளம்பியிருந்தால் தப்பித்திருப்போமா? இல்லை. ஆறரைக்குத் திரும்ப வேண்டுமென்றால் நீர் அடிமட்டத்துக்கு வரும் வேளையில்தான் திரும்பும் வழியில் உள்ள ஆழமில்லாத வாய்க்காலைத் தாண்ட வேண்டும். அதிலும் பௌர்ணமி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஏற்றம் அதிகம், வற்றமும் அதிகம். மற்ற நாட்களில் படகு மிதக்கும் இடத்தில் அன்று சேறு தெரியும்.

மணி ஆறு பத்துக்கு அடியில் உரசும் சத்தம் கேட்டது. படகோட்டி இன்ஜினைப் பின்னால் போட்டுப் பார்த்தார், சேற்றைத்தான் வாரி அடித்தது. "ஆம்பளைங்க நாலு பேர் இறங்கித் தள்ளுங்க" என்றார். இன்னொரு குழுவிலிருந்து ஒருவர் இறங்கினார். முழங்காலுக்கு மேல் புதைந்து, அவரை மேலே இழுக்கவே மூன்று பேர் தேவைப்பட்டார்கள். கழிமுகச் சேற்றில் தயவுசெய்து யாரும் இறங்காதீர்கள். தட்டிய படகுக்குள் இருப்பதுதான் பாதுகாப்பு.

வற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு தட்டிய படகு, வற்றம் முடிந்து இன்னொரு ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் மிதக்கும். அதாவது ஒன்பது பத்துக்கு. படகில் விளக்கு இல்லை, ரேடியோ இல்லை, படகோட்டியின் கைப்பேசி மட்டும். நிலா நன்றாகத்தான் எழுந்தது, பார்க்கத்தான் யாருக்கும் மனம் இல்லை. அப்போது கயிறு பிடிக்கும் பையன், பதினெட்டு வயதுகூட இருக்காது, அம்மாவைச் சமாதானப்படுத்துவதற்காகச் சொன்னான்: "பயப்படாதீங்க பாட்டி, ஒவ்வொரு பௌர்ணமிக்கும் இப்படித்தான். டாக்ஸி படகு வந்துடும்."

எட்டு மணிக்கு வந்தது. தட்டையடி வாட்டர் டாக்ஸி, அதே ஆட்களுடையதுதான். தலைக்கு இவ்வளவு என்று, நாங்கள் பேசிய கட்டணத்தில் கிட்டத்தட்டப் பாதி கேட்டார்கள். இருட்டில், இரண்டு படகுக்கும் நடுவில் கால் வைக்க நடுங்கிக்கொண்டு அம்மா நிற்கும்போது யார் பேரம் பேசுவார்கள்? கொடுத்தேன்.

அந்தப் பையன் சொன்னது வீட்டுக்கு வந்த பிறகும் மனதை விட்டுப் போகவில்லை. நீர் ஏறி இறங்கும் நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும், அதனால் தினசரி ஒரே மணிக்குப் புறப்படும் பயணம் சில நாட்களில் தட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் பௌர்ணமிக் கணக்கு வேறு. ஓர் இடத்தில் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் வற்றம் ஏறத்தாழ அதே கடிகார நேரத்தில்தான் வரும். அந்தக் கழிமுகத்தில் அது மாலை ஏழு, எட்டு மணி என்றால், நிலா பார்க்கும் அந்தப் பயணம் மாதம் தவறாமல் தட்டும். மாதம் தவறாமல் டாக்ஸி படகுக்கும் காசு வரும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "கடல் தண்ணியை நாங்க பிடிச்சு வைக்க முடியுமா சார்? இயற்கைக்கு நாங்க பொறுப்பில்லை" என்றார்கள். திடீர்க் காற்றுக்கு இதைச் சொன்னால் ஒப்புக்கொள்வேன். நீர் ஏறி இறங்கும் நேரத்துக்கு எப்படிச் சொல்ல முடியும்? அதைக் கணக்கிட பிரிட்டிஷ் இயற்பியலாளர் வில்லியம் தாம்சன் 1872-லேயே இயந்திரம் வடிவமைத்துவிட்டார். துறைமுகங்களுக்கான ஏற்றவற்ற அட்டவணை ஒரு வருடம் முன்பே வெளியாகிவிடுகிறது.

நாங்கள் சேற்றோடு தப்பித்தோம். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில், பூரப்புழை கடலில் சேரும் இடத்தருகே, மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய சுற்றுலாப் படகு அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிக்கொண்டு இருட்டும் நேரத்தில் போய்க் கவிழ்ந்தது. 22 பேர் இறந்தார்கள், பலர் குழந்தைகள். எங்கள் படகிலும் ஆட்கள் அதிகம், வேளையும் அதேதான்.

நீங்கள் போவதாக இருந்தால் முன்பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அன்றைக்கு வற்றம் எத்தனை மணிக்கு?" நல்ல படகோட்டி யோசிக்காமல் சொல்வார், உங்கள் நேரத்தை மாற்றச் சொல்லியும் கேட்பார். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்று பதில் வந்தால் விட்டுவிடுங்கள். படகின் பதிவு எண்ணையும் ஏறக்கூடிய ஆட்கள் எண்ணிக்கையையும் எழுத்தில் வாங்குங்கள். படகு தட்டினால் திரும்பும் செலவு யாருடையது என்பதையும் முதலிலேயே எழுதிக் கேளுங்கள்.

படங்கள், செய்திகள் எல்லாவற்றையும் சேர்த்துப் புகார் கொடுத்திருக்கிறேன். விளம்பரம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அடுத்த பௌர்ணமிக்கும் அதே மூன்றரை மணி போட்டிருக்கிறார்கள்.