வால்வை மாற்றினேன், ஓட்டை குழாயில் இருந்தது: ஒரு இ.ஜி.ஆர். கசிவின் கதை

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் பானெட்டுக்குள்ளிருந்து 'சுக் சுக் சுக்' என்று ஒரு சத்தம். ஐந்து நிமிடம் ஓடினால் போய்விடும். 1.5 லிட்டர் டர்போ டீசல், அப்போது 92,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. டீசல் என்றால் சத்தம் இருக்கத்தானே செய்யும் என்று இரண்டு மாதம் கண்டுகொள்ளாமல் விட்டேன்.

அப்புறம் அம்மா சொன்னார்: "வண்டி நிக்கிறப்பெல்லாம் புகை நாத்தம் வருதுப்பா." முன்னால் நிற்கும் லாரிதான் காரணம் என்று சொல்லிச் சமாளித்தேன். ஒரு நாள் முன்னாலும் பின்னாலும் வண்டியே இல்லாத சாலையில் இன்ஜினை ஓடவிட்டு நின்றபோது அதே நாற்றம் எனக்கும் வந்தது. ஏசியில் உள்காற்றே சுற்றும்படி பட்டனை அழுத்தினால் குறைந்தது, வெளிக்காற்றுக்கு மாற்றினால் திரும்ப வந்தது. முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் துவாரம் வழியாகத்தான் வெளிக்காற்று உள்ளே வருகிறது. அப்படியென்றால் புகை கிளம்புவது பானெட்டுக்குள். இதைத் தள்ளிப்போடக் கூடாது. மூக்குக்குத் தெரிவது மற்ற வாயுக்கள்தான். அவற்றோடு சேர்ந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.

அந்த வாரமே செக் இன்ஜின் லைட்டும் எரிந்தது. ஸ்கேனரில் பி0401 என்ற பிழைக் குறியீடு, அதாவது இ.ஜி.ஆர். (எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்பும் அமைப்பு) ஓட்டம் போதவில்லை. மெக்கானிக் யோசிக்கவே இல்லை. "வால்வு அடைச்சிருக்கும் சார், மாத்திடலாம்." சரி என்று தலையாட்டினேன். புது வால்வு போட்டு, குறியீட்டை அழித்துக் கொடுத்தார். மூன்று வாரம் லைட் எரியவில்லை. சத்தம் மட்டும் அப்படியே இருந்தது. நான்காவது வாரம் மறுபடியும் பி0401.

பழைய வால்வை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். தார் மாதிரி கரி அப்பியிருந்தது. ஆனால் கிளீனர் அடித்துத் துடைத்ததும் எங்கும் சிக்காமல் நகர்ந்தது. நல்ல வால்வைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

நான் செய்த தவறு இதுதான். அந்தக் குறியீடு வால்வு கெட்டது என்று சொல்லவில்லை, ஓட்டம் குறைவு என்று மட்டும்தான் சொல்கிறது. என்னுடைய மாதிரி வண்டிகளில் இ.ஜி.ஆர். குழாயில் எவ்வளவு புகை போகிறது என்று நேரடியாக அளக்க வழி கிடையாது. வால்வைத் திறந்தால் எரிந்த புகையில் ஒரு பங்கு திரும்ப உள்ளே போகும், அந்த அளவுக்கு ஏர் ஃபில்டர் வழியாக வரும் புதுக்காற்று குறைய வேண்டும். எதிர்பார்த்த அளவு குறையவில்லை என்றால் கம்ப்யூட்டர் லைட்டைப் போட்டுவிடும். வால்வு சிக்கினாலும், அந்தப் புகையைக் குளிர்விக்கும் கூலர் அடைத்தாலும், காற்றளவு சென்சார் தப்பாகக் காட்டினாலும், குழாயில் ஓட்டை இருந்தாலும் குறியீடு ஒன்றேதான்.

இன்ஜின் ஆறிய பிறகு டார்ச்சோடு குனிந்தேன். இன்ஜினுக்குப் பின்பக்கம், வெப்பத்தடுப்புத் தகட்டின் மேல் விசிறி விரித்த மாதிரி ஒரு கறுப்புத் தடம். விரலால் தொட்டால் பவுடர் மாதிரி உதிர்ந்தது. ஆயில் கசிந்திருந்தால் ஈரமாக, தூசி ஒட்டி, பிசுபிசுப்பாக இருக்கும். காய்ந்த கரி விசிறி போல் பரவியிருந்தால் அது புகைக் கசிவு. விசிறியின் கைப்பிடி எந்தப் பக்கம் காட்டுகிறதோ அங்கேதான் ஓட்டை. அந்தப் பக்கம் பார்த்தால் சிலிண்டர்களின் புகை ஒன்றுசேரும் மேனிஃபோல்டில் குழாய் சேரும் ஃபிளாஞ்சும் (நட்டு போட்டு இறுக்கும் தட்டையான முனை), அதற்கு இரண்டு விரற்கடை தள்ளி மடிப்பு மடிப்பாக இருக்கும் பெல்லோஸ் குழாயும் ஒட்டி ஒட்டி இருந்தன. ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை அங்கே காட்டிக் கேட்டேன் (பெல்ட்டும் ஃபேனும் ஓடும்போது சட்டைக் கை ஜாக்கிரதை). ஃபிளாஞ்ச் பக்கம் சத்தம் அதிகம் என்று தோன்றியது. அந்த இணைப்பின் இடையில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டை மாற்றினேன். சத்தம் போகவில்லை. இரண்டாவது அசட்டுத்தனம்.

கடைசியில் உதவியது சோப்புத் தண்ணீர். புகை செலுத்திக் கசிவைக் காட்டும் ஸ்மோக் மெஷின் இருக்கும் இடத்துக்குப் போனால் இதைவிட எளிது. என்னிடம் இருந்தது பழைய வேக்கம் கிளீனர். அதன் காற்று வெளியே தள்ளும் வாயில் குழாயைச் செருகி, மறுமுனையைச் சைலன்சர் வாயில் வைத்துத் துணி சுற்றி அடைத்தேன். இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும், இது முக்கியம். பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தேன். ஃபிளாஞ்சில் ஒன்றுமில்லை. பெல்லோஸின் மூன்றாவது மடிப்பில், இன்ஜினைப் பார்த்த பக்கம், பள்ளத்துக்குள்ளிருந்து பொடிப் பொடியாக நுரை கிளம்பியது. சின்னக் கண்ணாடியைப் பின்னால் நீட்டிப் பார்த்தால் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல், நீளம் அரை விரல் இருக்கும். உலோகம் சூடாகி விரியும்போது விரிசல் ஓரளவு மூடிக்கொள்கிறது. காலைச் சத்தம் ஐந்து நிமிடத்தில் காணாமல் போனதன் ரகசியம் இதுதான்.

இடையில் கூலரையும் சந்தேகப்பட்டேன். அது உள்ளே ஓட்டையானால் கூலன்ட் புகைப்பாதைக்குள் இறங்கும், வெளியே ஒரு சொட்டும் தெரியாது. கூலன்ட் டப்பாவில் மார்க்கர் கோடு போட்டு ஒரு வாரம் பார்த்தேன். மட்டம் இறங்கவில்லை, வெள்ளைப் புகையும் இல்லை. விட்டுவிட்டேன்.

குழாயின் விரிசலை வெல்டிங்கில் பற்றவைத்துப் பார்த்தேன். பத்தொன்பது நாள் தாங்கியது. பெல்லோஸ் தகடு மெல்லிசு, வளைந்து கொடுப்பதற்கென்றே செய்தது. பற்றவைத்த இடம் விறைத்துப் போனதால் அதற்குப் பக்கத்திலேயே அடுத்த விரிசல் விழுந்தது. பிறகுதான் புதுக் குழாய் வாங்கினேன்.

பழையதைக் கழற்றும்போது இன்னொன்று தெரிந்தது. குழாயின் நடுவில் அதைப் பிடித்துக்கொள்ளும் பிராக்கெட்டில் போல்ட்டே இல்லை. எப்போதோ டர்போ ஹோஸ் மாற்றியவர்கள் திரும்பப் போட மறந்திருக்க வேண்டும். இன்ஜின் ஆடும்போதெல்லாம் குழாய் தனியாக ஆடியிருக்கிறது, பாரம் முழுவதும் பெல்லோஸ் மேல் விழுந்திருக்கிறது. போல்ட் இல்லாமல் புதுக் குழாய் போட்டிருந்தால் அதுவும் கிழிந்திருக்கும்.

மாட்டும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் சொதப்புவது இங்கேதான். துரு இளக்கும் ஆயிலை முதல்நாள் இரவே நட்டுகளில் அடித்துவிட்டேன். அப்படியும் ஒரு ஸ்டட் (தலையில்லாத போல்ட்) நட்டோடு சேர்ந்தே கழன்று வந்தது. இரண்டு பக்கமும் புது கேஸ்கெட், புது நட். அலுமினியப் பரப்பில் பிளேடு போடாமல் பித்தளைச் சுரண்டியால் கரியை எடுத்தேன். இரண்டு முனைகளையும் பிராக்கெட்டையும் முதலில் கையால் மட்டும் திருகினேன். குழாய் தன் இடத்தில் இழுபடாமல் உட்கார்ந்த பிறகு முனைகளை மாற்றி மாற்றி இறுக்கி, பிராக்கெட்டைக் கடைசியில் இறுக்கினேன். ஒரு முனையை முழுக்க முறுக்கிவிட்டு மறுமுனையை இழுத்துச் சேர்த்தால் பெல்லோஸ் முதல் நாளே முறுக்கிக்கொண்டு நிற்கும். என் வண்டி மேனுவலில் இந்த நட்டுகளை இறுக்க வேண்டிய அளவு 25 நியூட்டன் மீட்டர்.

ஸ்கேனரில் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஐடிலிங்கில் வால்வு மூடியிருக்கும்போது ஒரு ஸ்ட்ரோக்குக்குச் சுமார் 420 மில்லிகிராம் காற்று. முன்பு வால்வு முழுக்கத் திறந்தாலும் 330க்குக் கீழே இறங்காது. இப்போது 260க்கு வருகிறது.

இது நடந்து பதினான்கு மாதம், 21,000 கிலோமீட்டர் ஆகிறது. லைட் திரும்ப எரியவில்லை, நாற்றமும் இல்லை. பிக்கப் பறக்கிறது என்றெல்லாம் சொல்லமாட்டேன், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. மைலேஜ் லிட்டருக்கு அரை கிலோமீட்டர் கூடியிருக்கிறது, அது டயரில் ஒழுங்காகக் காற்று அடித்ததாலும் இருக்கலாம். "இ.ஜி.ஆர். குழாயைத் தகடு வச்சு அடைச்சிடுங்க, தொல்லை விட்டுது" என்று சொன்னவர்கள் உண்டு. அடைத்தாலும் ஓட்டம் இருக்காது, அதே பி0401தான் வரும். எரியும் சூடு ஏறி நைட்ரஜன் ஆக்சைடும் கூடும். பல இடங்களில் சட்டப்படி குற்றமும் கூட.

புது நட்டுகளின் மேல் வெள்ளை பெயின்டில் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறேன். 10,000 கிலோமீட்டரில் பார்த்தபோது பிராக்கெட் போல்ட் மட்டும் கோட்டிலிருந்து கொஞ்சம் விலகியிருந்தது. ஸ்பிரிங் வாஷர் போட்டு இறுக்கினேன்.

போன வாரம் அம்மா, பின்பக்கம் ஏதோ உறுமுகிற மாதிரி இருக்கிறது என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நாளைக்கு ஜாக்கி போட்டு வீல் பேரிங்கைப் பார்க்கப் போகிறேன்.