கல்லடியில் ஒரு சீட் வீடு: மூன்றரை வருடத்தில் எது நின்றது, எது போனது

நான் திருக்கோவில் ஊர்ப் பிள்ளை. 2022 ஜனவரியில் வேலை மாற்றம் கிடைத்து அம்மாவையும் கூட்டிக்கொண்டு மட்டக்களப்புக்கு வந்தேன். கல்லடியில், பெரிய ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவில், ஒரு வீட்டின் பின்வளவில் கட்டியிருந்த அனெக்ஸ் கிடைத்தது. ஒரு ஹோல், ஒரு அறை, ஒருவர் நின்றால் மற்றவர் வெளியே நிற்க வேண்டிய குசினி, பாத்ரூம். மேலே அஸ்பெஸ்டஸ் சீட், சிலிங் கிடையாது. மேற்குப் பக்கம் ஒரு பெரிய யன்னல், கிழக்கே ஒன்று.

வந்தது மாரி காலம். குளிராக இருந்தது, வீடு பிடித்துப்போனது. மேற்கு யன்னலால் வெளிச்சம் நன்றாக வருகிறது என்று நான் சந்தோசப்பட்டதும் உண்மை. மே மாதக் கடைசியில் கச்சான் காற்று தொடங்கியபோதுதான் விசயம் விளங்கியது. மலைநாட்டில் மழையை எல்லாம் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிப்போய், காய்ந்த தரையைக் கடந்து மேற்கிலிருந்து வருகிற காற்று அது. பகல் இரண்டு மணிக்கு அந்த யன்னலைத் திறந்தால் அடுப்புக்கு முன்னால் நிற்கிற மாதிரி இருக்கும். மூடினால் சீட்டின் சூடு தலையில் இறங்கும். அந்த வருடம் மின்வெட்டும் சேர்ந்துகொண்டது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பிறகு நேரம் குறைந்தாலும் வெட்டு நிற்கவில்லை. நான் வேலைக்குப் போய்விடுவேன். அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு வளவில் நிற்கிற மாமரத்துக்குக் கீழே போய்ப் படுத்திருப்பா. ஒரு நாள் அரைநாள் லீவில் வந்தபோது அதைக் கண்டேன். வாடகை கொடுத்து எடுத்த வீட்டுக்குள் அம்மாவால் பகலில் இருக்க முடியவில்லை என்பது என் மனதை அறுத்தது. அன்றைக்குத்தான் இந்த வேலைகளைத் தொடங்கினேன்.

முதலில் செய்தது பிழையான வேலை. சார்ஜ் பண்ணும் காற்றாடி ஒன்று வாங்கினேன். மின்வெட்டுக் காலத்தில் உதவியது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சூடான வீட்டுக்குள் அது சூடான காற்றைத்தான் சுழற்றியது. ஒன்றரை வருடத்தில் பற்றரி போய்விட்டது. அடுத்தது, வெளிச்சத்தை மறைக்கும் தடித்த கறுப்புத் திரைச்சீலை. அறை இருண்டது, சூடு குறையவில்லை. யன்னல் கண்ணாடியைத் தாண்டி வெயில் உள்ளே வந்த பிறகு திரையில் பட்டு என்ன, தரையில் பட்டு என்ன, சூடு வீட்டுக்குள்தானே இருக்கிறது. இது எனக்கு அப்போது தோன்றவில்லை. வீட்டுக்கார அக்காதான் சொன்னா: "தங்கச்சி, வெயிலை வெளியிலேயே மறிக்க வேணும். எங்கட அம்மா காலத்தில் மேற்குப் பக்கம் கிடுகுத் தட்டி இல்லாத வீடு இருக்கவில்லை."

சரி, கிடுகுத் தட்டி, அதாவது பின்னிய தென்னோலையில் கட்டுகிற மறைப்பு. மரவேலை செய்கிற ஓடாவி ஒருவரைப் பிடித்து யன்னலை விட இரண்டு பக்கமும் ஒரு அடி கூடுதலாக மரச்சட்டம் அடித்து, அதில் கிடுகை இரட்டையாக வைத்துக் கட்டினோம். சுவரில் ஏற்கெனவே இருந்த இரண்டு கொக்கியில் மேல்பக்கத்தைத் தொங்கவிட்டு, கீழ்ப்பக்கத்தை ஒரு தடியால் முன்னுக்குத் தள்ளி நிறுத்தினோம். அப்போது காற்று கீழால் வரும், வெயில் வராது. மரம், கிடுகு, கூலி எல்லாம் சேர்த்து 2,500 ரூபாய்க்குள் முடிந்தது. இந்த மூன்றரை வருடத்தில் நான் செலவழித்த சல்லியில் இதைப்போல் பயன் தந்தது வேறு ஒன்றும் இல்லை.

அதிலே ஒரு விசயத்தை அம்மா கண்டுபிடித்தா. கச்சான் நேரத்தில், இரண்டு மணி போல், ஒரு வாளித் தண்ணியை எடுத்துப் போய்ச் செம்பால் அள்ளித் தட்டிக்கு ஊற்றுவா. மேல் விளிம்பிலிருந்து தண்ணி ஓலை ஓலையாக இறங்கி, காய்ந்த கிடுகு கபில நிறத்திலிருந்து கறுத்து வரும். ஊறின ஓலை வாசம் வீட்டுக்குள் வரும். ஐந்து நிமிசத்தில், யன்னலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தால், கையில் படும் காற்று வேறு காற்றாக இருக்கும். காய்ந்த காற்று ஈரத்தை உறிஞ்சும்போது சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது, மண்பானைத் தண்ணி குளிர்கிற அதே காரணம். கச்சான் காய்ந்த காற்று என்பதால்தான் இது நடக்கிறது. கடற்காற்று ஈரமாக அடிக்கிற நாளிலும் மாரியிலும் செய்து பார்த்தோம், ஒரு பயனும் இல்லை, வீடு நசநசத்ததுதான் மிச்சம். தினமும் நனைப்பதால் கிடுகு சீக்கிரம் உக்கும். எங்களுக்கு ஒரு தட்டி பதினான்கு மாதம் வந்தது. இப்போது மூன்றாவது கிடுகு, சட்டம் பழையதுதான். ஒக்டோபர் கடைசியில் கழற்றி உள்ளே வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மாரிக் காற்று தூக்கி எறிந்துவிடும். கிடுகு நெருப்புக்குப் பயம் உள்ள சாமான், குசினி யன்னலுக்கு மட்டும் கட்டாதீர்கள்.

அடுத்தது கூரை. வெள்ளைப் பெயின்ற் அடித்தால் சூடு குறையும் என்று பலர் சொன்னார்கள். உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் நான் சம்மதிக்கவில்லை. அடிக்க முதல் பாசியைச் சுரண்ட வேண்டும். பழைய அஸ்பெஸ்டஸைச் சுரண்டினால் வருகிற தூசி நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது. அதோடு பழைய சீட்டில் ஆள் ஏறினால் உடைந்து விழவும் கூடும். ஒரு வீட்டு வேலைக்காக யாரையும் அதில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. தயவுசெய்து நீங்களும் அதைத் துளைக்கவோ தேய்க்கவோ போகாதீர்கள்.

அதற்குப் பதிலாக 2023 மே மாதத்தில் உள்பக்கமாக ஃபொயில் அடித்தோம். ஹார்ட்வெயாரில் சுருளாக விற்கிற வெள்ளி நிறத் தாள்தான். சீட்டைத் தொடவே இல்லை, கீழே ஓடும் மரங்களில் மெல்லிய சட்டம் அடித்துப் பிடித்தோம். இதில் இரண்டு விசயம் கவனிக்க வேண்டும். ஒன்று, சீட்டுக்கும் ஃபொயிலுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி விட வேண்டும், ஒட்டி அடித்தால் சூடு நேரே இறங்கிவிடும். இரண்டாவது, மினுங்கும் பக்கம் கீழே பார்க்க வேண்டும். மேலே பார்த்தால் தூசி படிந்து ஒரு வருடத்தில் மங்கிவிடும், கீழே பார்த்தால் அப்படியே இருக்கும். எங்களுக்கு அடித்தவர் முதல் துண்டை மாறி அடித்துவிட்டார், கழற்றித் திரும்ப அடிக்கச் சொன்னேன். இரண்டு ஓரத்திலும் சூடு வெளியேற வழி விட்டோம். அந்த வழியால் அணில் வராமல் இருக்க நைலோன் வலை வைத்தோம்.

ஹோலுக்கும் அறைக்கும் கூலியோடு 26,000 ரூபாய் முடிந்தது. வாடகை வீட்டில் இவ்வளவு போடலாமா என்று ஒரு மாதம் யோசித்தேன். பிறகு வீட்டுக்கார அக்காவிடம் நேராகவே கேட்டேன்: போனால் ஃபொயிலைக் கழற்ற மாட்டேன், பாதியை வாடகையில் கழித்துத் தருவீர்களா என்று. சம்மதித்தா. இரண்டு மாத வாடகையில் கழித்தோம். பில்லை வைத்திருந்து, கழித்த தொகையை ஒரு கொப்பியில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வைத்தோம். நல்ல மனிசர் என்றாலும் எழுதி வையுங்கள். முன்பு வேறு இடத்தில் அறை எடுத்திருந்தபோது, வாய்ப்பேச்சை நம்பிச் செய்த செலவு எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

என்னிடம் மேசைக் கடிகாரத்தோடு சேர்ந்த சின்ன வெப்பமானி ஒன்று இருக்கிறது. அதை எப்போதும் ஹோலில் ஒரே இடத்தில் வைத்துத்தான் பார்த்தேன். கச்சான் நாளில் பகல் இரண்டரைக்கு, ஒன்றும் செய்யாத காலத்தில் 37 பாகையை ஒட்டி நிற்கும். தட்டி வந்த பிறகு 35 சொச்சம். ஃபொயிலும் வந்த பிறகு 34க்குக் கீழே. எண்ணில் பார்த்தால் சின்ன வித்தியாசம்தான். ஆனால் அம்மா மாமரத்துக்குக் கீழே போவதை விட்டுவிட்டா.

காற்றாடி பற்றிச் சொல்ல வேண்டும், அது பில்லோடு சம்பந்தப்பட்டது. 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் ஏறியபோது எங்கள் மாதப் பாவனை 75 யூனிட் அளவில் இருந்தது. அந்தக் கட்டணத்தில் 60 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, முதல் 60க்கும் வேறு விலை. ஆகவே 60க்குக் கீழே வருவதுதான் என் குறி. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஹோல் காற்றாடி 75 வாட், அம்மா வீட்டில் இருப்பதால் நாளுக்கு 14 மணித்தியாலம் ஓடும், மாதம் 31 யூனிட்டுக்கு மேல். அதை பி.எல்.டி.சி. என்கிற, கரண்ட் குறைவாக எடுக்கும் மோட்டர் உள்ள 30 வாட் காற்றாடியாக மாற்றினால் 13 யூனிட்டுக்குள் முடியும். 18,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன், சாதாரணக் காற்றாடியின் இரண்டு மடங்கு. அடுத்த மாதமே பாவனை 56க்கு வந்தது. இரண்டு வருடமாக ஒரு பிழையும் இல்லை. மின்னழுத்தம் குறைகிற இரவிலும் வேகம் குறையவில்லை. வீடு மாறும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு போகலாம்.

அனெக்ஸ் பார்க்கப் போகிறவர்கள் வாடகையைக் கேட்க முதல் மீற்றர் தனியா என்று கேளுங்கள். இரண்டு குடும்பம் ஒரே மீற்றரில் இருந்தால் நீங்கள் எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் சேர்ந்த பாவனை விலை கூடின வரிசைக்குப் போய்விடும்.

நுளம்பு. கிழக்கு யன்னலை இரவில் திறந்து வைத்தால்தான் தூக்கம் வரும், திறந்தால் நுளம்பு. டெங்குப் பயம் எப்போதும் உள்ள ஊர். ஒட்டும் பட்டியோடு வரும் வலையை முதலில் வாங்கினேன், முதல் மாரியிலேயே பசை விட்டுப்போனது. மறுகா ஓடாவியிடமே மெல்லிய சட்டத்தில் நைலோன் வலை அடித்து வாங்கினோம், கழற்றிக் கழுவலாம், இன்றைக்கும் நிற்கிறது. இரும்பு வலை வாங்காதீர்கள்.

இரும்பு என்றதும் ஞாபகம் வருகிறது, கடலுக்குக் கிட்ட இருக்கிறவர்களுக்கு உப்புக்காற்று பெரிய எதிரி. மலிவாக வாங்கிய இரும்பு ராக்கை எட்டு மாதத்தில் துரு தின்றது, அதில் வைத்த துணியிலும் கறை. திரைச்சீலைக் கம்பியும் அப்படித்தான். இப்போது பலகைத் தட்டும், யன்னலுக்கு மூங்கிலும் போட்டிருக்கிறோம். திரைக்கு மருதமுனைக் கைத்தறித் துணி. கல்முனை பஸ்ஸில் போனால் வழியிலேயே இறங்கி வாங்கலாம். துணி தடிப்பம், கழுவக் கழுவ மெதுவாகிறது. மூன்று வருடத்தில் கொஞ்சம் நிறம் மங்கியிருக்கிறது, நூல் போகவில்லை.

மாரியில் வீடு வேறு முகம் காட்டும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை சுவரும் தரையும் வேர்க்கும். சீமெந்துத் தரையை மறைக்க நான் போட்ட பிளாஸ்டிக் விரிப்பும், சுவரில் ஒட்டிய செங்கல் மாதிரி ஸ்டிக்கரும் முதல் மாரியோடு முடிந்தன. விரிப்பைத் தூக்கியபோது கீழே கறுப்பாகப் பூஞ்சணம், ஈர வாசம். ஸ்டிக்கர் பெயின்றையும் உரித்துக்கொண்டு வந்தது, அந்தச் சுவரைத் திரும்ப அடித்துக்கொடுக்க வேண்டியிருந்தது. வாடகை வீட்டுச் சுவரில் ஒன்றையும் ஒட்டாதீர்கள். இப்போது பன்புல்லில் பின்னிய பன்பாய்தான். வெயில் காலத்தில் காலுக்குக் குளிர்ச்சி, மாரியில் காலையில் சுருட்டி நிமிர்த்தி வைத்துவிட்டால் தரை காயும். பாயிலும் பூஞ்சணம் பிடிக்கும், வெயில் கண்ட உடனே போட்டு எடுக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு பாய் மாற்றுகிறோம்.

மரத்தூளை அழுத்திச் செய்த சிப்போட் அலுமாரி வைத்திருப்பவர்கள் காலுக்குக் கீழே உடைந்த டைல் துண்டு வையுங்கள். 2024 நவம்பர் வெள்ளத்தில் தண்ணி எங்கள் வாசற்படியோடு நின்றது, ஆனால் தரை ஒரு கிழமை ஈரமாகவே இருந்தது. டைல் வைத்த அலுமாரி தப்பியது, வைக்க மறந்த மேசையின் கால் ஊதிப்போனது. சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வைத்தால் பின்பக்கம் பூஞ்சணமும் குறையும்.

குசினிக்கு மேலே மட்டும் இன்னும் ஃபொயில் அடிக்கவில்லை. அடுப்புப் புகை படிந்தால் மினுக்கம் போய்விடும் என்று அடித்தவர் சொன்னார், அது சரியான பேச்சுத்தான். பதிலாக மேலே புகை போக ஒரு வழி விட்டுத் தரும்படி அக்காவிடம் கேட்டிருக்கிறேன். மழை தொடங்க முதல் மேசன் வருவார் என்றா. அம்மா பகலில் சமையலை முடித்துக்கொண்டு ஹோலுக்கு வந்து, தட்டிக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "புள்ள, அந்த வாளியைக் கொஞ்சம் எடு" என்பா. இன்றைக்கும் கச்சான்தான் அடிக்கிறது.