ஒட்டிப்போன தாடை மூட்டு: இடைவெளி விடுவதா, செயற்கை மூட்டு வைப்பதா?

ஏழு வயதில் என் தம்பி மாமரத்திலிருந்து விழுந்து முகவாயில் தையல் போட்டுக்கொண்டான். காவேரிப்பட்டணத்தில் மாமரத்திலிருந்து விழாத பையன் யார் என்று அத்தோடு விட்டுவிட்டோம். காதுக்கு முன்னால் மூட்டு நசுங்கி எலும்போடு எலும்பு ஒட்டியது அப்போது தெரியவில்லை. வாய் 35 மி.மீ.யாவது, ஏறக்குறைய மூன்று விரல், திறக்க வேண்டும். பத்தாவது படிக்கையில் இவனுக்கு ஒரு விரல் போகாது. நல்லவேளை, களியை மெல்ல வேண்டியதில்லை.

வெறும் வலி, 'டக் டக்' சத்தம் என்றால் இடைவெளி விடுவது, செயற்கை மூட்டு வைப்பது என்ற இரண்டு ஆபரேஷனும் வேண்டாம். மாத்திரை, மெத்தென்ற சாப்பாடு, இரவில் பல்லில் மாட்டும் உறை (நைட் கார்டு), பிசியோதெரபி, இவற்றிலேயே பலருக்குச் சரியாகிவிடும்.

18 வயதில் முதலில் இடைவெளி ஆபரேஷன்தான் செய்தோம். ஒட்டிய எலும்பை வெட்டி எடுத்து, நெற்றிப்பொட்டுத் தசையை நடுவில் வைப்பார்கள். உலோகம் இல்லை, செலவு குறைவு. ஆனால் பிறகு மாதக்கணக்கில் ஐஸ் குச்சிகளைப் பல்லிடுக்கில் அடுக்கி, ஒவ்வொன்றாகக் கூட்டி வாயைத் திறக்க வேண்டும். உயிர் போகும் வலி. அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை செய்தான். ஓசூரில் ஷிப்ட் வேலைக்குப் போனதும் குச்சி பெட்டிக்குள் போனது. இரண்டே வருடத்தில் வாய் மறுபடி பூட்டிக்கொண்டது. டாக்டரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாம் முறை செயற்கை மூட்டு. மண்டைப் பக்கம் கெட்டியான பிளாஸ்டிக் குழி, தாடைப் பக்கம் உலோகம், இரண்டையும் திருகு போட்டு இறுக்குகிறார்கள். சுற்றி எலும்பு வளராமலிருக்க வயிற்றுக் கொழுப்பையும் வைத்தார்கள். பயிற்சி இதற்கும் உண்டு. ஆனால் வெட்டிய எலும்பும் எலும்பும் நேருக்கு நேர் நிற்பதில்லை, தாடை உயரமும் குறைவதில்லை. வளர்ந்த ஆள், ஒருமுறை வெட்டியும் திரும்ப ஒட்டிவிட்டது என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

குறையும் உண்டு. செயற்கை மூட்டு கீல் மாதிரி திறந்து மூடும், பக்கவாட்டில் அரைக்க வராது. முக நரம்பு அருகில் ஓடுவதால் சில மாதம் ஒரு புருவம் தூக்கவில்லை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், கிருமித் தொற்று உள்ளவர்கள் பொறுக்க வேண்டும். இப்போது மூன்று வருடம் ஆகிறது, இரண்டரை விரல் திறக்கிறது. மூட்டு தேய்ந்து மாற்ற வேண்டி வருமா என்பதை இந்த மூன்று வருடத்தை வைத்துச் சொல்ல மாட்டேன்.

பக்கத்துத் தெருவில் எட்டு வயதுக் குழந்தைக்கு இதே கதை. வளரும் தாடையோடு உலோகம் வளராது. விலா எலும்புத் துண்டு வைத்தால் வளர வாய்ப்புண்டு. அதனால் செயற்கை மூட்டுப் பேச்சு இப்போது வேண்டாம் என்றேன். அப்புறம், குச்சி வைக்கும்போது தினமும் பக்கத்தில் யார் உட்காரப் போகிறீர்கள் என்று கேட்டேன்.