பேச்சு புரிய ஒற்றைப் பெட்டி போதும்: யமாஹா எஸ்ஆர்-சி20ஏ சவுண்ட்பார் அனுபவம்

எங்கள் தொலைக்காட்சியில் படம் கண்ணைப் பறிக்கும். பேச்சுதான் காதில் சரியாக விழாது. திரையில் ஒருவர் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னதும் "என்னப்பா சொன்னான்?" என்று அம்மா கேட்பதும், நான் ஒலியைக் கூட்டுவதும், அடுத்த காட்சியில் சண்டைச் சத்தம் கூரையைப் பிளக்க ரிமோட்டைத் தேடித் தடவுவதும் அன்றாட வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தன. இதற்குத் தொலைக்காட்சியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவ்வளவு மெல்லிய உடலுக்குள் பெரிய ஸ்பீக்கருக்கு இடம் கிடையாது. இருக்கிற சிறியவையும் பெரும்பாலான மாடல்களில் கீழ்நோக்கியோ பின்னோக்கியோ பொருத்தப்பட்டிருப்பதால், ஒலி மேசையிலோ சுவரிலோ மோதிய பிறகே நம்மிடம் வந்து சேர்கிறது. ஒரு சொல்லை மற்றொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் ச, த, ப போன்ற மெல்லிய மெய்யொலிகள் அதற்குள் மழுங்கிவிடுகின்றன. வயதாக ஆக முதலில் குறைவதும் அந்த உயர் அதிர்வெண்களைக் கேட்கும் திறன்தான் என்பதால், வீட்டில் பெரியவர்களுக்கு இது இரட்டைச் சிரமம்.

ஆகவே, வாங்கப்போகும் சவுண்ட்பார் (தொலைக்காட்சியின் கீழே வைக்கும் நீளமான ஸ்பீக்கர் பெட்டி) அதிர வைக்கிறதா என்பதைவிடப் பேச்சைத் தெளிவாகத் தருகிறதா என்பதையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். ஆழ்ந்த ஒலிக்கென்றே தனியாக வரும் சப்வூஃபர் பெட்டி வேண்டாம் என்பதும் முதலிலேயே முடிவாயிற்று. அதற்குத் தரையில் ஓர் இடமும் சுவரில் இன்னொரு மின்செருகியும் தேவைப்படும். சிறிய அறையில் இரண்டுமே தொல்லை. ஆனால் ஒற்றைப் பெட்டியை எடுப்பவர், தான் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதைத் தெரிந்தே எடுக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். அத்தகைய ஆழ்ந்த ஒலியை உரக்க எழுப்ப நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். கையகலப் பெட்டியால் அது முழுமையாக முடியாது. பெட்டியில் காற்றுத்துளை விட்டோ, மின்னிணைப்பு இல்லாமல் உள்காற்றின் அழுத்தத்தால் மட்டும் அசையும் பாஸிவ் ரேடியேட்டர் வைத்தோ தயாரிப்பாளர்கள் இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகிறார்கள். ஓரளவுதான்.

நான் முதலில் வாங்கிய பெட்டியில் சறுக்கியது வாட் கணக்கில். அட்டைப்பெட்டி முழுக்கப் பெரிய எழுத்தில் ஒரு எண், அது பி.எம்.பி.ஓ., அதாவது ஒரு கணம் மட்டும் எட்டக்கூடிய உச்ச ஆற்றலின் கணக்கு என்பது வீட்டுக்கு வந்து கையேட்டைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. தொடர்ந்து தரக்கூடிய உண்மையான ஆற்றலைக் காட்டும் ஆர்.எம்.எஸ். அளவு அதில் எங்குமே இல்லை. அது தந்ததெல்லாம் 'தொம் தொம்' என்ற உறுமல்தான்; செய்தி வாசிப்பவரின் குரல்கூடப் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. நான்காம் நாளே திருப்பி அனுப்பிவிட்டேன். அதன் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது: ஆற்றலை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடும், காதுக்கு இரண்டு மடங்கு உரக்கக் கேட்க வேண்டுமானால் ஏறத்தாழ பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். 80 வாட்டா 100 வாட்டா என்று இரண்டு பெட்டிகளுக்கு இடையே மல்லுக்கட்டுவது வீண் வேலை.

அதைவிட முக்கியம், பெட்டியைத் தொலைக்காட்சியோடு எப்படி இணைக்கப்போகிறோம் என்பது. தொலைக்காட்சியின் பின்புறம் கைவிளக்கை அடித்துப் பாருங்கள், எச்.டி.எம்.ஐ. துளைகளில் ஒன்றின் அருகில் மட்டும் ஏ.ஆர்.சி. அல்லது இ-ஏ.ஆர்.சி. என்று பொடி எழுத்தில் பொறித்திருக்கும். தொலைக்காட்சியின் ஒலியை வெளிப்பெட்டிக்கு அனுப்பும் வழி அது. வயரை அந்தத் துளையில்தான் செருக வேண்டும். பக்கத்துத் துளையில் செருகிவிட்டுப் பெட்டி பழுது என்று சொல்பவர்கள் ஏராளம். 2009-ல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.4 பதிப்பிலேயே ஏ.ஆர்.சி. இடம்பெற்றுவிட்டதால், ஓரளவு பழைய தொலைக்காட்சிகளிலும் இது இருக்க வாய்ப்புண்டு. இந்த வழியில் இணைத்து, ஒரு கருவியின் ரிமோட்டால் மற்றதையும் கட்டுப்படுத்த உதவும் சி.இ.சி. அமைப்பையும் இயக்கிவிட்டால், தொலைக்காட்சி ரிமோட்டிலேயே ஒலியைக் கூட்டலாம், குறைக்கலாம்; தொலைக்காட்சியை அணைத்தால் பெட்டியும் சேர்ந்து அணையும். வீட்டில் இன்னொரு ரிமோட் சேரவில்லை என்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். அம்மாவுக்கு அதுதான் பெரிய நிம்மதி. ஒலியை ஒளியாகக் கடத்தும் ஆப்டிகல் வயரும் நல்ல ஒலியையே தரும். ஆனால் இந்த ரிமோட் வசதி அதன் வழியே வராது. புளூடூத்தைப் பாட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. படம் பார்க்கும்போது ஒலி பிந்தி வந்து, உதடு ஒரு பக்கமும் சொல் ஒரு பக்கமுமாகப் போகும்.

தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச் செய்யும் டால்பி அட்மாஸ் என்ற முத்திரையைப் பார்த்து மயங்க வேண்டாம். கூரையை நோக்கிய ஸ்பீக்கர்கள் இல்லாத பெட்டி, மேலிருந்து வரும் ஒலியைக் கணக்கீட்டின் மூலம் பாவனை செய்கிறது. குறைந்த விலைப் பெட்டிகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான். அந்தப் பணத்தில் நடுவில் பேச்சுக்கென்றே தனி ஸ்பீக்கர் கொண்ட 3.0 அல்லது 3.1 வகைப் பெட்டி (புள்ளிக்கு முன்னுள்ள எண் இடது, நடு, வலது ஒலி வழிகளையும் பின்னுள்ளது சப்வூஃபரையும் குறிக்கும்) கிடைக்குமானால், யோசிக்காமல் அதை எடுக்கலாம். என் கைக்கு எட்டிய விலையில் அது கிடைக்கவில்லை.

கடைசியில் எடுத்தது யமாஹாவின் எஸ்ஆர்-சி20ஏ. 60 சென்டிமீட்டர் நீளம், 6.4 சென்டிமீட்டர் உயரம். முன்பக்கம் இரண்டு சிறிய ஸ்பீக்கர்கள், உள்ளேயே 75 மில்லிமீட்டர் சப்வூஃபர், துணைக்கு இரண்டு பாஸிவ் ரேடியேட்டர்கள். பெட்டியைப் பிரித்த அன்று இரவே, ஒலியை மிகக் குறைவாக வைத்து ஒரு செய்தி அறிக்கையைக் கேட்டோம். பிறகு மழைச் சத்தத்துக்கும் பின்னணி இசைக்கும் நடுவே இருவர் கிசுகிசுக்கும் ஒரு காட்சியை ஓட்டினோம். 'கிளியர் வாய்ஸ்' பொத்தானை அழுத்தியதும் மழை சற்றுப் பின்வாங்கியதுபோலவும் குரல்கள் ஓரடி முன்னால் வந்து நின்றதுபோலவும் இருந்தது. ஆண் குரலின் கனம் கொஞ்சம் குறைகிறது. அதை நான் பொருட்படுத்தவில்லை. அந்தக் காட்சி முடியும்வரை அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பாட்டு கேட்கும்போது 'ஸ்டீரியோ' அமைப்பே நன்றாக இருக்கிறது. மற்ற சூழொலி அமைப்புகளில் பாடகர் குரல் எனக்குச் சற்றுக் கலைந்தே கேட்கிறது.

முதல் நாள் ஒரு எதிரொலி கேட்டது. தொலைக்காட்சியின் சொந்த ஸ்பீக்கரும் சேர்ந்து ஒலித்ததே காரணம். அமைப்புகளில் அதை அணைத்ததும் சரியாயிற்று. அலமாரியின் உள்தட்டில் தள்ளி வைத்தபோது குரல் மந்தமாயிற்று, மேலிருந்த கண்ணாடிக் கதவும் கிணுகிணுத்தது. விளிம்புவரை முன்னால் இழுத்து வைத்ததும் இரண்டும் நின்றன. வாங்கும் முன் தொலைக்காட்சியின் அடிவிளிம்புக்கும் மேசைக்கும் உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். உயரமான பெட்டி ரிமோட்டின் கதிரை வாங்கும் கண்ணை மறைத்துவிடும்.

குறைகளும் உண்டு. திரை எதுவும் இல்லாததால், ஒலி எந்த அளவில் இருக்கிறது என்பதை எண்ணாகப் பார்க்க முடியாது. சிறு விளக்குகளை வைத்தே ஊகிக்க வேண்டும். எச்.டி.எம்.ஐ. துளை ஒன்றே ஒன்று என்பதால் விளையாட்டுக் கருவியை இதில் நேரடியாகச் செருக வழியில்லை. தொலைக்காட்சி வழியாகத்தான் போக வேண்டும். இடதும் வலதும் ஒரே சிறு பெட்டிக்குள் நெருங்கி இருப்பதால் இசை அறை முழுக்க விரியாது. பெரிய கூடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்து படம் பார்க்கும் வீடாக இருந்தால், இடத்தைப் பார்க்காமல் தனி சப்வூஃபர் உள்ள வகைக்கே போய்விடுங்கள்.