பில்லில் கன்வேர்ட்டர் இருந்தது, வண்டியில் இல்லை

கொழும்பு கிராண்ட்பாஸில் எங்கள் ஸ்டோர்ஸில் ஒரு பெட்டரி வண்டி ஓடுகிறது. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் சாமான் ஏற்ற ஒரு தட்டு. 2022இல் பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற நேரம், ஒரு ஹோட்டலில் ஓடியதைப் பழையதாக வாங்கினோம். லொறியில் இருந்து இறக்கும் மூட்டைகளை உள்ளே கொண்டுபோக நாட்டாமிகளுக்கு அது பெரிய உதவி.

அதில் 6 வோல்ட் பெட்டரி எட்டு இருந்தது, மொத்தம் 48 வோல்ட். லைட், ஹோர்ன், ரிவர்ஸ் பஸர் எல்லாம் 12 வோல்ட் என்பதால், முதல் இரண்டு பெட்டரியில் இருந்து தனியாக வயர் இழுத்திருந்தார்கள். எவ்வளவு கவனமாகத் தண்ணீர் ஊற்றினாலும் அந்த இரண்டும்தான் முதலில் படுக்கும். அலுத்துப் போய் லித்தியம் பெட்டரிக்கு மாற்ற முடிவு செய்தேன்.

பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு கராஜில் கொடுத்தேன். பெட்டரி பேக்கை நானே வேறிடத்தில் வாங்கிக் கொண்டுபோனேன்: 105 ஆம்பியர்-அவர் (Ah), 16 செல், 51.2 வோல்ட். லித்தியம் பேக்கில் நடுவில் 12 வோல்ட் எடுக்க இடமில்லை, முழு வோல்ட்டையும் 12 ஆகக் குறைத்துத் தரும் கன்வேர்ட்டர் போட வேண்டும் என்று அங்கிருந்த பாஸே சொன்னார். எனக்கும் சரியாகப் பட்டது. பில்லில் ‘48–12 கன்வேர்ட்டர், 18,500 ரூபா’ என்று தனி வரி. கட்டினேன்.

முதல் இரண்டு கிழமை வண்டி பறந்தது. பிறகு பின்னேரத்தில் நின்றது. அடுத்த கிழமை மத்தியானமே நின்றது, மீட்டரில் பாதிக்கு மேல் சார்ஜ் காட்டிக்கொண்டிருக்கும்போதே. கராஜுக்குப் போன் பண்ணினால், “லோட் கூட ஏத்தாதீங்க தம்பி” என்பதுதான் பதில்.

ஒருநாள் வாசலுக்குக் குறுக்கே நின்றுவிட்டது. பின்னால் வந்த லொறிக்காரர் கத்த, எங்கள் பையன் பதற்றத்தில் ஹோர்னை அமத்தினான். சளி பிடித்த குரலில் அது அடித்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. பேக்குக்குள் இருக்கிற பிஎம்எஸ், அதாவது செல்களைக் காவல் காக்கும் சர்க்யூட், வெளியே போகும் கரண்டை வெட்டியதால்தான் வண்டி நிற்கிறது. கன்வேர்ட்டருக்கும் அதே கரண்ட்தான் வர வேண்டும். மோட்டார் செத்தால் ஹோர்னும் செத்திருக்க வேண்டுமே?

கொட்டாஞ்சேனையில் ஒரு ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன் ஐயா இருக்கிறார். அவர் வந்து சீட்டைத் தூக்கினார். பேக்கில் இருந்து இரண்டு தடித்த கேபிள் வெளியே வருகிறது, அது சரி. பக்கத்தில் மூடியின் ஓரத்தைத் துளைத்து, ஒரு மெல்லிய சிவப்பு வயரும் கறுப்பு வயரும். துளைக்கு மேலே சிலிக்கன் அப்பியிருந்தது. மூடியைத் திறந்தால் நாலாவது செல்லின் முனையில் அந்தச் சிவப்பு வயர். நாலு செல், ஆளுக்கு 3.2, மொத்தம் 12.8 வோல்ட். கன்வேர்ட்டர் என்ற சாமானே வண்டியில் இல்லை. பியூஸும் இல்லை.

ஐயா போனில் பிஎம்எஸ் ஆப்பைத் திறந்து காட்டினார். பன்னிரண்டு செல் 3.29, 3.30 என்று நிற்கிறது. அந்த நாலு மட்டும் 2.4இல் இருந்து 2.7 வரை. ஒரு செல் அளவுக்கு மீறி இறங்கினாலே பிஎம்எஸ் முழுப் பேக்கையும் வெட்டிவிடும். பின்னேரம் ஒரு மணித்தியாலம் லைட் எரிந்தால் அந்த நாலில் இருந்து மட்டும் கிட்டத்தட்ட 3 ஆம்பியர்-அவர் போகும். சார்ஜ் ஏற்றும்போது மற்ற பன்னிரண்டும் முதலில் நிரம்பி 3.65ஐத் தொட, பிஎம்எஸ் சார்ஜை நிறுத்திவிடும். நாலும் நிரம்பாது. அடுத்த நாள் இன்னொரு 3 கடன். செல்களைச் சமப்படுத்தும் பேலன்சிங் பிஎம்எஸ்ஸில் இருக்கிறதுதான், ஆனால் அது சொட்டுச் சொட்டாகச் செய்கிற வேலை, இந்தக் கடனை அடைக்காது. பழைய பெட்டரியில் மற்றவை கொஞ்சம் கூடுதலாகக் கொதித்தாலும் பின்தங்கியவை ஓரளவு நிரம்பும், லித்தியத்தில் அந்தப் பேச்சே இல்லை. இன்னும் மோசம், இந்த வயர் பிஎம்எஸ்ஸைத் தாண்டிப் போவதால் லைட்டை மறந்து விட்டால் செல் சாகும்வரை உறிஞ்சும்.

பில்லோடு கராஜுக்குப் போனேன். “லைட் பத்துதா இல்லையா? பத்துதுதானே. பிறகு என்ன தம்பி?” என்றார் பாஸ். பேக் விற்ற கடைக்காரர் சீல் உடைந்திருப்பதைப் பார்த்து வாரண்டி இல்லை என்றுவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

ஐயா அந்த நாலு செல்லையும் 14.6 வோல்ட் லித்தியம் சார்ஜரால் தனியாக ஏற்றி மற்றவற்றோடு சமப்படுத்தினார். பிறகு 20 ஆம்பியர் ஐசோலேட்டட் கன்வேர்ட்டர் (48 வோல்ட் பக்கமும் 12 வோல்ட் பக்கமும் உள்ளே நேரடியாகத் தொடாதது) ஒன்று போட்டார். சாவி போட்டால்தான் அது வேலை செய்யும். பேக்குக்குக் கிட்டவே பியூஸ். கார்களுக்குப் போடும் சாதாரண பிளேட் பியூஸ் பெரும்பாலும் 32 வோல்ட்டுக்குத்தான், இங்கே முழுச் சார்ஜில் 58.4 வரும் என்று அதைத் தாங்கும் பியூஸாகத் தேடி வாங்கச் சொன்னார். புறக்கோட்டையில் மலிவாகக் கிடைக்கும் வோல்ட் குறைக்கும் சின்ன நீல நிற எல்எம்2596 போர்டை நான் காட்டியபோது சிரித்தார். அது 40 வோல்ட்டுக்கு மேல் தாங்காது.

உங்கள் வண்டியையும் மாற்றி எடுத்திருந்தால் பேக்கை பிஎம்எஸ்ஸில் ஆஃப் பண்ணிவிட்டு லைட்டைப் போட்டுப் பாருங்கள். எரிந்தால் சீட்டைத் தூக்குங்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். பில்லையும் வெட்டியெடுத்த சிவப்பு வயரையும் ஒரே கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.